ஆயிரமா, ஆயிரத்து இருபத்து நான்கா? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணினியிலும் கைப்பேசியிலும் காணப்படும் சேமிப்பு அளவுகளைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிடுகிறோம்.

திண்டுக்கல் வாசகர்: 1 டிபி என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ஹார்டு டிஸ்க் ஒன்றை வாங்கினேன். கணினியில் இணைத்தால் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. கடைக்காரரிடம் கேட்டால், "எல்லாமே அப்படித்தான் சார், ஃபார்மட்டில் கொஞ்சம் போய்விடும்" என்கிறார். மீதி 69 ஜிபி எங்கே போயிற்று? நான் ஏமாற்றப்பட்டேனா?

நீங்கள் ஏமாற்றப்படவில்லை, ஆனால் கடைக்காரர் சொன்ன காரணமும் சரியில்லை. ஃபார்மட் செய்யும்போது கோப்புகளின் பட்டியலுக்காக ஒதுக்கப்படும் இடம் மிகச் சிறியது. 69 ஜிகாபைட்டை அது விழுங்கிவிடாது. உண்மையில் எதுவுமே குறையவில்லை. ஒரே நெற்குவியலைப் பெரிய மரக்காலால் அளந்தால் எண்ணிக்கை குறையுமே தவிர நெல் குறையாது அல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

ஹார்டு டிஸ்க் தயாரிப்பாளர்கள் கிலோ, மெகா, ஜிகா, டெரா ஆகியவற்றை மெட்ரிக் அளவைகளில் உள்ள பொருளிலேயே பயன்படுத்துகிறார்கள். அவர்களுக்கு 1 கிலோபைட் என்பது 1,000 பைட், 1 மெகாபைட் என்பது 10 லட்சம் பைட், 1 ஜிகாபைட் என்பது 100 கோடி பைட், 1 டெராபைட் என்பது 1 லட்சம் கோடி பைட். விண்டோஸோ ஒவ்வொரு படியிலும் 1,024-ஆல் பெருக்குகிறது. அதன் கணக்கில் 1 ஜிகாபைட் என்பது 107 கோடியே 37 லட்சத்து 41 ஆயிரத்து 824 பைட். அளவுகோல் பெரிதாகிவிட்டதால் விடையாக வரும் எண் சிறிதாகிவிடுகிறது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். 1 டெராபைட் என்று விற்கப்படும் ஹார்டு டிஸ்குகளில் பெரும்பாலானவற்றில் தகவலைப் பதியும் சிறு பகுதிகளான செக்டர்கள் 1,95,35,25,168 இருக்கும். ஒவ்வொரு செக்டரும் 512 பைட் கொள்ளும். இரண்டையும் பெருக்கினால் 10,00,20,48,86,016 பைட் வரும். அதாவது, பெட்டியில் சொன்ன 1 லட்சம் கோடியைவிட ஏறத்தாழ 20 கோடி பைட் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்கள். இந்த எண்ணை 1,024-ஆல் மூன்று முறை வகுத்தால் 931.5 கிடைக்கும். விண்டோஸில் ஹார்டு டிஸ்கின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியைத் திறந்தால், 931 ஜிபி என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே முழு பைட் எண்ணிக்கையும் அச்சடித்தாற்போல் இருக்கும் (ஹார்டு டிஸ்கில் கோப்புகளுக்கென ஒதுக்கிய பகுதியான பார்ட்டிஷனின் அளவை மட்டும் காட்டுவதால் மேலே சொன்ன எண்ணைவிடச் சற்றுக் குறைந்திருக்கலாம்). அளவுகளைப் பற்றி ஐயம் எழும்போதெல்லாம் அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். ஜிபி, டிபி எல்லாம் அதைச் சுருக்கிச் சொல்வதற்கான வழிகள் மட்டுமே. முதலில் பைட்டுக்கு இறங்கி, பிறகு வேண்டிய அலகுக்கு ஏறுவதே பிழையில்லாத முறை.

அலகு பெரிதாகப் பெரிதாக இந்த வேறுபாடும் வளர்கிறது. கிலோபைட்டில் 2.4 சதவீதமாக இருப்பது மெகாபைட்டில் 4.9, ஜிகாபைட்டில் 7.4, டெராபைட்டில் ஏறத்தாழ 10 சதவீதம் ஆகிவிடுகிறது. ஃப்ளாப்பி காலத்தில் இதைப் பற்றி யாரும் கடிதம் எழுதாததற்குக் காரணம் இதுவே. அந்த ஃப்ளாப்பியின் '1.44 எம்பி' உண்மையில் இரண்டு முறைகளுக்கும் பொருந்தாத ஒரு கலப்படம். அதில் இருந்தவை 14,74,560 பைட்கள். அதை 1,000-ஆல் ஒருமுறையும் 1,024-ஆல் ஒருமுறையும் வகுத்தால்தான் 1.44 வரும்!

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டுவதற்காக, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1,024 அடிப்படையிலான அளவுகளுக்குக் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட், டெபிபைட் என்று தனிப் பெயர்களைச் சூட்டியது. லினக்ஸ் மென்பொருள்கள் பலவற்றில் இவற்றைக் காணலாம். ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட மேக் ஓஎஸ் 10.6 பதிப்பிலிருந்து 1,000 கணக்குக்கு மாறிவிட்டது. ஆகவே உங்கள் ஹார்டு டிஸ்கை ஒரு மேக் கணினியில் இணைத்தால் 1 டிபி என்றே காட்டும். விண்டோஸ் மட்டும் 1,024 கணக்கை வைத்துக்கொண்டு, பழைய பெயரையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த விவகாரத்தில் தயாரிப்பாளர்களைவிட மைக்ரோசாஃப்ட்தான் விளக்கம் சொல்லக் கடமைப்பட்ட தரப்பு.

உங்கள் கேள்வியையே அமெரிக்காவில் நீதிமன்றம்வரை கொண்டுசென்றவர்கள் உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின்மீது தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 2006-இல் சமரசத்தில் முடிந்தது. வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது ஒரு பேக்கப் மென்பொருள். சீகேட் மீதான வழக்கு 2007-இல் சமரசமானபோது, விலையில் 5 சதவீதத்தைத் திரும்பப் பெறவோ மென்பொருளைப் பெற்றுக்கொள்ளவோ வழி செய்யப்பட்டது. அதன் பிறகு பெட்டியின் ஒரு மூலையில் '1 ஜிபி = 100,00,00,000 பைட்' என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரியை அச்சிடுவது எல்லா நிறுவனங்களுக்கும் வழக்கமாகிவிட்டது. உங்கள் பெட்டியிலும் அது இருக்கும், தேடிப் பாருங்கள்.

கடையில் நிற்கும்போது மனக்கணக்காகப் போட வேண்டுமானால், பெட்டியில் உள்ள ஜிபியை 0.93-ஆல் பெருக்குங்கள். 500 ஜிபி என்பது 465 ஆகவும், 2 டிபி என்பது 1,863 ஜிபி ஆகவும் விண்டோஸில் தோன்றும்.

ஆவடி வாசகி: 100 எம்பிபிஎஸ் வேக இணைப்புக்குப் பணம் கட்டுகிறேன். 4 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பு 40 நொடிகளில் இறங்கிவிட வேண்டும் அல்லவா? ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. திரையில் வேகம் 11 எம்பி என்றே காட்டுகிறது.

உங்களுக்கு வாக்களிக்கப்பட்ட வேகம் முழுவதும் கிடைத்துக்கொண்டிருக்கிறது. இணைய வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆங்கிலச் சுருக்கத்தில் சிற்றெழுத்து 'பி' பிட்டையும் பேரெழுத்து 'பி' பைட்டையும் குறிக்கும்; விளம்பரத் தட்டிகளில் இந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. ஆகவே 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். தரவைச் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முகவரி முதலான விவரங்களைச் சேர்த்து அனுப்புவதால் அதில் ஏறத்தாழ 5 சதவீதம் கழிந்துவிடும். எஞ்சுவது 12 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. வைஃபை வழியாக 11 வருகிறது என்றால் குறை சொல்வதற்கில்லை.

இதே கணக்கை வேறு இரண்டு இடங்களிலும் போட்டுப் பார்ப்பது நல்லது. அன்றாட டேட்டா தீர்ந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும் என்கிறார்களே, அது நொடிக்கு 8 கிலோபைட். அந்த வேகத்தில் 1 ஜிகாபைட் இறங்க 34 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 'வரம்பற்றது' என்று விற்கப்படும் ஃபைபர் திட்டங்கள் சிலவற்றில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்று ஓர் உச்ச வரம்பு இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இறக்கினால் அந்த வரம்பை மூன்று நாளும் ஒன்றரை மணி நேரமும் கடப்பதற்குள் தொட்டுவிடலாம். வீட்டில் யாரும் அப்படி இறக்குவதில்லை என்பதால்தான் அந்தச் சொல் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

மதுரை வாசகர்: என் மடிக்கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டி 238 ஆகத் தெரிகிறது. ஆனால் 8 ஜிபி ரேம் மட்டும் குறையாமல் 8 ஆகவே இருக்கிறதே?

ரேமை விற்பவர்களும் 1,024 கணக்கிலேயே விற்கிறார்கள். அதற்குப் பொறியியல் காரணம் உண்டு. ரேமில் உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் 0, 1 ஆகிய இலக்கங்களால் ஆன ஒரு முகவரி உண்டு. முகவரியில் ஓர் இலக்கம் கூடினால் எட்டக்கூடிய இடங்கள் இரட்டிப்பாகும். 10 இலக்கங்களால் 1,024 இடங்களையும், 33 இலக்கங்களால் 858 கோடியே 99 லட்சத்து 34 ஆயிரத்து 592 இடங்களையும் குறிக்கலாம். விண்டோஸ் கணக்கில் 8 ஜிபி என்பது இந்த எண்தான். ஹார்டு டிஸ்குக்கு இப்படிப்பட்ட கட்டாயம் எதுவும் கிடையாது. தட்டில் எத்தனை செக்டர்கள் அடங்குமோ அத்தனை வைக்கலாம்.

எஸ்எஸ்டியின் நிலை விசித்திரமானது. அதிலுள்ள சில்லுகளும் ரேமைப் போலவே இரண்டின் அடுக்குகளில், அதாவது 1,024 கணக்கில் செய்யப்படுபவை. உள்ளே இருப்பது பெரிய கணக்கின்படியான 256, வெளியே விற்பது சிறிய கணக்கின்படியான 256. இடையிலுள்ள ஏறத்தாழ 7 சதவீதத்தை, பழுதாகும் பகுதிகளுக்கு மாற்றாகவும் எழுதும் வேலையைச் சீராகப் பகிர்வதற்காகவும் எஸ்எஸ்டி தனக்கென வைத்துக்கொள்கிறது.

நாகர்கோவில் வாசகி: ஒரு தேர்வுக்கான இணைய விண்ணப்பத்தில் புகைப்படம் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். என் படம் கோப்புப் பட்டியலில் சரியாக 50 கேபி என்றுதான் காட்டியது. ஆனாலும் 'அளவு மிகுதி' என்று ஏற்க மறுத்துவிட்டது.

நீங்கள் அனுப்பியிருந்த திரைப்பிடிப்பில் (ஸ்கிரீன்ஷாட்) விடை இருக்கிறது. ப்ராப்பர்ட்டீஸில் 'சைஸ்: 49.9 கேபி (51,148 பைட்)' என்றும், அதன் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்: 52.0 கேபி (53,248 பைட்)' என்றும் இருக்கிறது. கோப்புப் பட்டியல் பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கி 50 என்று காட்டியிருக்கிறது. அந்த இணையதளத்தை எழுதியவர் 50 கேபி என்பதை 51,200 பைட் என்று கொண்டிருந்தால் உங்கள் படம் தேறியிருக்கும்; 50,000 பைட் என்று கொண்டிருந்ததால் 1,148 பைட் மிகுதியால் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறோம் என்பதை விண்ணப்பப் படிவங்கள் சொல்வதே இல்லை. எனவே 45 கேபிக்குக் குறைத்து அனுப்புங்கள், இரண்டு கணக்கிலும் தேறும். '20 கேபிக்குக் குறையக் கூடாது' என்று கீழ்வரம்பும் இருந்தால் 22 கேபிக்குக் கீழே போகாதீர்கள்.

கீழே இருக்கும் 52.0 என்ற எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். விண்டோஸ் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட கட்டங்களாகவே இடம் ஒதுக்கும். உங்கள் படத்துக்கு 12 கட்டங்கள் போதாமல் 13 தரப்பட்டன, அவ்வளவே. இணையத்தில் அனுப்பும்போது கோப்பு மட்டும்தான் போகும், கட்டத்தில் மிஞ்சிய வெற்றிடம் போகாது.

யாழ்ப்பாணம் வாசகர்: நான் எழுதிய நாவலின் தமிழ் வடிவம் வெறும் எழுத்துக் கோப்பாக 1.6 எம்பி வருகிறது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 450 கேபிதான். தமிழ் ஏன் இவ்வளவு இடம் பிடிக்கிறது?

எழுத்துகளைக் கணினியில் பதிவதற்கு இப்போது பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். மேலும், உயிர்மெய்களில் பலவும் புள்ளி பெற்ற மெய்களும் இரண்டு குறிகளாகவே பதியப்படுகின்றன. 'அம்மா' என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து குறிகள் இருப்பதால் அது 15 பைட் ஆகும். 'வணக்கம்' 21 பைட். டிஸ்கி போன்ற பழைய எட்டுபிட் குறிமுறைகளில் இவற்றுக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தக் கோப்பைப் படிக்க அதற்குரிய எழுத்துரு எதிரில் இருப்பவரிடமும் இருக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லையை அனுபவித்தவர்கள் இந்த மூன்று பைட்டைப் பற்றிக் குறைப்பட மாட்டார்கள்.

உங்கள் கோப்பை ஜிப் செய்து பாருங்கள். தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் முதல் பைட் ஒன்றே. இரண்டாவது பைட்டும் இரண்டே மதிப்புகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதில்தான் ஜிப்பின் திறமை இருக்கிறது, ஆதலால் இரண்டு மொழிக் கோப்புகளுக்கும் இடையிலுள்ள தூரம் பெருமளவு குறைந்துவிடும். குறுஞ்செய்தியில் அந்த வசதி கிடையாது. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் வீதம் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் குறிக்கு 16 பிட் வீதம் 70 குறிகளே அடங்கும். அம்மாவை ஒருமுறை விளித்தாலே அதில் ஐந்து போய்விடும்.

சிவகாசி வாசகர்: கடையில் நான்கு சிசிடிவி கேமராக்கள் பொருத்தப் போகிறேன். ஒரு மாதப் பதிவு கையில் இருக்க வேண்டும். 2 டிபி ஹார்டு டிஸ்க் தாராளமாகப் போதும் என்று பொருத்துபவர் சொல்கிறார். போதுமா?

போதாது. அவர் எந்த அடிப்படையில் சொன்னார் என்று தெரியவில்லை. கணக்கை நாமே போடுவோம்.

பதிவுப் பெட்டியின் அமைப்புகளில் ஒவ்வொரு கேமராவுக்கும் 'பிட்ரேட்' என்று ஒரு வரி இருக்கும். 1024, 2048, 4096 போன்ற எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 2048 என்று வைத்தால் நொடிக்கு 2,048 கிலோபிட் என்று பொருள். எண் 1,024-இன் மடங்காக இருந்தாலும், பிட்ரேட்டில் கிலோ என்பது 1,000தான். இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். 20,48,000 பிட்டை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 2,56,000 பைட். ஒரு நாளில் 86,400 நொடிகள் இருப்பதால் ஒரு கேமரா ஒரு நாளில் 2,211 கோடியே 84 லட்சம் பைட், அதாவது 22.1 ஜிகாபைட் எழுதும். நான்கு கேமராக்களுக்கு நாளொன்றுக்கு 88.5 ஜிகாபைட். 30 நாள்களுக்கு 2,654 ஜிகாபைட் வேண்டும். 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் 22 நாள்களைத் தாண்டி ஓரிரு வேளைக்குத்தான் தாங்கும். அதன் பிறகு முதல் நாள் பதிவின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். களவு போனது இருபத்தைந்து நாள் கழித்துத் தெரியவந்தால் பயனில்லை.

இந்தக் கணக்கில் நாம் ஹார்டு டிஸ்கின் அளவையும் பதிவின் அளவையும் 1,000 முறையிலேயே வைத்துக்கொண்டோம் என்பதைக் கவனியுங்கள். பதிவுப் பெட்டியின் திரையில் 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் 1,863 ஜிபி என்று தோன்றினால், அந்த எண்ணை எடுத்து 88.5-ஆல் வகுத்துவிடாதீர்கள், 21 நாள் என்று தவறான விடை வரும். ஒரு பக்கம் ஆயிரம், மறு பக்கம் ஆயிரத்து இருபத்து நான்கு என்று கலந்தால் ஹார்டு டிஸ்க் வாங்கும் விஷயத்தில் ஏழு சதவீதப் பிழை தானாக வந்து சேரும்.

எனக்குத் தோன்றுவது, 4 டெராபைட் வாங்குங்கள். 45 நாள்கள் தாங்கும். 3 டெராபைட்டிலும் 33 நாள்கள் வரும் என்றாலும், பின்னாளில் ஐந்தாவது கேமரா ஒன்றைப் பொருத்தினால் அது 27 நாளாகிவிடும். புதிதாகச் செலவழிக்க விருப்பமில்லை என்றால், கேமராவும் பெட்டியும் எச்.265 என்ற வீடியோ சுருக்க முறையை ஏற்கின்றனவா என்று பொருத்துபவரிடம் கேளுங்கள். பழைய எச்.264 முறையுடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி பிட்ரேட்டிலேயே அதே தரம் கிடைக்கும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும் வசதியும் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் எத்தனை நாள் வரும் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடியாது.

கும்பகோணம் பள்ளி மாணவர்: டெராபைட்டுக்கு மேல் என்ன இருக்கிறது?

ஆயிரம் ஆயிரமாக ஏறினால் பெட்டா, எக்சா, செட்டா, யோட்டா என்று போகும். 2022 நவம்பரில் பிரான்சில் கூடிய எடைகள் மற்றும் அளவைகள் பொதுமாநாட்டில் ரொன்னா, குவெட்டா என்று மேலும் இரண்டு சேர்க்கப்பட்டன. ஒரு குவெட்டா என்பது 1-க்குப் பின் 30 சுழியங்கள். யோட்டாபைட்டை எட்டும்போது, முதல் பதிலில் சொன்ன 1,000, 1,024 வேறுபாடு 20 சதவீதத்தையும் தாண்டிவிடும்.

புதுச்சேரி வாசகர்: 32 ஜிபி பென் டிரைவ் காலியாக இருக்கிறது. 29 ஜிபிக்கு மேல் இடம் காட்டுகிறது. ஆனால் 5 ஜிபி அளவுள்ள திருமண வீடியோவை மாற்ற முயன்றால் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுக்கிறது. பென் டிரைவ் பழுதா?

பழுதில்லை. உங்கள் பென் டிரைவ் ஃபாட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் குறித்து வைக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரு பைட் இருந்தாலும் தனிக் கோப்பாக அதில் வைக்க முடியாது, எவ்வளவு காலியிடம் இருந்தாலும் சரி. விண்டோஸ் கணக்கில் இது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. மேக் கணக்கில் 4.29 ஜிபி. ஆகவே மேக்கில் 4.2 ஜிபி என்று காட்டும் வீடியோ இதில் ஏறிவிடும், விண்டோஸில் 4.2 ஜிபி என்று காட்டும் வீடியோ ஏறாது.

பென் டிரைவை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்தால் உங்கள் வீடியோ ஏறிவிடும். ஃபார்மட் செய்யும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதால், வேண்டிய கோப்பு ஏதாவது இருந்தால் முதலில் கணினிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் செருகிப் பார்ப்பதற்காக என்றால், அந்தத் தொலைக்காட்சி எக்ஸ்ஃபாட்டைப் படிக்குமா என்பதை ஒரு சிறிய வீடியோவை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது. பழைய மாடல்கள் சில ஃபாட்32-ஐ மட்டுமே படிக்கும். அப்படியானால் திருமண வீடியோவை முகூர்த்தம் ஒரு கோப்பு, வரவேற்பு ஒரு கோப்பு என்று இரண்டாகப் பிரித்துத் தரும்படி வீடியோ எடுத்தவரிடமே கேட்டு வாங்குங்கள்.